நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

"கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிடாதீர்கள் டாக்டரம்மா." ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்த மாமியார் என் கையை விடவில்லை. உள்ளே மருமகளுக்கு மூன்றாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை கல்லாக இறுகினால்தான் ரத்தக்குழாய்கள் அடைபடும். இறுகாவிட்டால் ஊசி மருந்துகள், உள்ளே பலூன், சுற்றி இறுக்கும் தையல், ரத்தக்குழாயைக் கட்டுதல் என்று எல்லாம் பார்த்த பிறகே கர்ப்பப்பையில் கை வைப்போம். ஆனால் நேரம் கடந்தால் ரத்தம் உறையும் தன்மையையே இழந்து, தையல் போட்ட இடமெல்லாம் கசியத் தொடங்கும். சீக்கிரம் எடுத்துவிட்டோமே என்று நான் வருந்தியதில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நின்ற இரவுகள்தான் உறுத்துகின்றன.

இந்தப் பெண்ணுக்கு அது மூன்றாவது சிசேரியன். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், பழைய தழும்பின் மேல் ஒட்டி, தசைக்குள் வேர்விட்டிருந்ததால் ரத்தம் நிற்கவில்லை. கையோடு கொண்டுவந்த ஸ்கேன் தாளில் 'நஞ்சுக்கொடி கீழே' என்று ஒரு வரி இருந்தது, யாரும் படிக்கவில்லை. நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களில், முதல் சிசேரியனில் நூற்றுக்கு 3 பேருக்கு இப்படி வேர்விடும், மூன்றாவதில் 40 பேருக்கு என்று 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டிலோ 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து முதல் பிள்ளையை அறுத்து எடுக்கச் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுவேன். பாதிப் பேர் பஞ்சாங்கத்தைத்தான் நம்புகிறார்கள்.

முன்பு சிசேரியன் ஆனவரா? ஐந்தாம் மாத ஸ்கேனில், தழும்பின் மேல் நஞ்சுக்கொடி இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருந்தால், ரத்த வங்கியும் மயக்க மருத்துவரும் இரவிலும் கிடைக்கும் பெரிய மருத்துவமனையில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ரத்தசோகையை அதற்குள் சரிசெய்துகொள்ளுங்கள். எட்டு கிராம் ஹீமோகுளோபினோடு வருபவரால் ஒரு லிட்டர் இழப்பைத் தாங்க முடியாது.

கர்ப்பப்பையை எடுத்த ஆறாம் நாள் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு இப்போதே கிழத்தன்மை வந்துவிடுமா டாக்டர்?" வராது. சினைப்பைகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, மாதவிலக்கு மட்டும்தான் நின்றிருக்கிறது என்றேன். மாமியார் பக்கத்தில் பேரனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை, காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.