சட்டமூலத்தை எதிர்த்து மனுச் செய்யும் உரிமை: இலங்கையிலும் பிற நாடுகளிலும்

இலங்கையில் ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று வாதிட விரும்பும் பிரசை, அது சட்டமூலமாக, அதாவது நாடாளுமன்றம் இன்னும் நிறைவேற்றாத வரைவாக, இருக்கும்போதே வாதிட்டாக வேண்டும். சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகி, பின்னர் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) இடம்பெற்றதும், அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் எந்தப் பிரசையும் புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்து, அதன் பிரதியொன்றைச் சபாநாயகருக்கும் அதே வேளையில் சேர்ப்பிக்கலாம். (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் எனப்படுவதையே நாம் உயர் நீதிமன்றம் என்கிறோம்.) இதற்கான அவகாசம் மிகக் குறுகியது என்பதால், வர்த்தமானி வெளியான அன்றே சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக் கடைசி நாளைக் குறித்துக்கொள்வது நல்லது.

மனு மீதான தீர்மானத்தை நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும். சாதாரண பெரும்பான்மை போதுமா, 225 உறுப்பினரில் 150 பேரின் ஆதரவு வேண்டுமா, அதற்கு மேல் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டுமா என்பதை அத்தீர்மானமே சொல்லும். இரண்டாம் மதிப்பீடு, குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு ஆகிய நாடாளுமன்றக் கட்டங்கள் முடிந்து சபாநாயகர் சான்றுரையில் கையொப்பமிட்டதும், சர்வஜன வாக்கெடுப்பு தேவையில்லாத சட்டமூலம் சட்டமாகிவிடும். அதன் பிறகு அதன் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாதென 80ஆம் உறுப்புரை தடுக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே இரு அவைகளும் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த சட்டத்தையும், அது எத்தனை ஆண்டு பழையதாயினும், நீதிமன்றம் நீக்கலாம். இணையத்தில் எழுதியதற்காகப் பலர் கைதாகக் காரணமாயிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பின், 2015 மார்ச்சில் அவ்வாறே நீக்கப்பட்டது. இலங்கையிலோ, இணையப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை எதிர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் தாக்கலாயின. அதன் பல வாசகங்களை (பிரிவுகளை) திருத்த வேண்டுமென நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் சான்றுப்படுத்தியதும் அந்தக் கதவு அடைபட்டது. சட்டத்தின் கீழ் ஒருவர் உண்மையில் பாதிக்கப்படும் வேளையில் அச்சட்டத்தின் வலிதுடைமையை எதிர்த்து வழக்காட வழியில்லை என்பது நமது முறையின் பெருங்குறை என்றே கருதுகிறேன்.

பிரான்சிலும் நெடுங்காலம், சட்டம் நடைமுறைக்கு வருமுன் செய்யப்படும் ஆய்வு மட்டுமே இருந்தது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, 2010 முதல் அங்கே வழக்காளிகள் நடைமுறையிலுள்ள சட்டத்தையும் கேள்விக்குட்படுத்தலாம். பிரித்தானியாவில் நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் நீக்க முடியாது. மனித உரிமைகளுடன் அது ஒவ்வாதது என்று அறிவிக்க மட்டுமே முடியும்.

தமிழில் சட்டமூலத்தைப் படிப்பவர்கள் கடைசி வாசகத்தைத் தவறாது பார்க்க வேண்டும். சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழமையாக அங்கே எழுதப்பட்டிருக்கும். ஆகவே, மனுவுக்கு ஆதாரமாக ஒரு சொல்லை எடுப்பதற்கு முன், சிங்களம் அறிந்த ஒருவரோடு அமர்ந்து இரண்டு உரைகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.