ஸ்பானிய ஜன்னலுக்குள் இருக்கும் காற்று

ஸ்பானிய மொழியில் ஜன்னலுக்கு 'வென்தானா' என்று பெயர். லத்தீனில் ஜன்னலைக் குறித்த 'ஃபெனெஸ்த்ரா'வோடு இதற்கு உறவில்லை. காற்றைக் குறிக்கும் 'வென்துஸ்'தான் வேர். காற்று வந்துபோகும் துளை என்பதே பழைய பொருள். மூக்குத் துளையை இன்றும் 'மூக்கின் வென்தானா' என்று சொல்வதுண்டு.

ஃபெனெஸ்த்ரா பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் பிழைத்துக்கொண்டது. ஜெர்மனுக்குள்ளும் 'ஃபென்ஸ்டர்' ஆக நுழைந்தது. இடைக்கால ஸ்பானியத்தில் அது 'ஃபினியெஸ்த்ரா'. பிறகு முதல் ஒலி தேய்ந்து 'இனியெஸ்த்ரா' ஆகி, வழக்கொழிந்தது.

ஸ்பானியத்தில் காற்று 'வியென்தோ'. அப்படியானால் ஜன்னல் ஏன் 'வியென்தானா' ஆகவில்லை? காரணம் அழுத்தம், அதாவது சொல்லின் ஓர் அசையை மட்டும் பலமாக உச்சரிப்பது. லத்தீன் குறில் எகரம், அழுத்தம் விழும் அசையில் மட்டும் 'இயெ' என்று உடைந்தது. ஏழைக் குறித்த 'செப்தெம்' 'சியெதே' ஆனதும், நிலத்தைக் குறித்த 'தெர்ரா' 'தியெர்ரா' ஆனதும் இப்படித்தான். வென்தானாவில் அழுத்தம் 'தா'வுக்குப் போய்விட்டது. அதனால் 'வெ' உடையவில்லை.

நெடில் ஏகாரமோ அழுத்தம் பெற்றாலும் உடையாது. குறில் நெடில் அறிந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். விற்பனையைக் குறிக்கும் 'வென்தா'வைப் பாருங்கள். காற்றின் உறவு போலத் தோன்றும். ஆனால் அழுத்தம் 'வெ' மீதே இருந்தும் அது உடையவில்லை. விற்பதைக் குறித்த லத்தீன் 'வேந்தெரே'யின் நெடில்தான் காரணம்.

'இயெ' இருந்தால் காற்றின் உறவு என்ற சோதனையை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். வயிற்றுக்கான 'வியென்த்ரே'யிலும் 'இயெ' உண்டு. ஆனால் அதன் வேர் 'வென்தெர்' என்ற வேறு சொல். நற்பேறான 'வென்தூரா'வோ 'வருதல்' என்ற வினையிலிருந்து வந்தது: வரப்போவது. ஒலியோடு பொருளையும் பழைய வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் உண்மையான உறவுகள் தெரியும்: பனிப்புயலான 'வென்தீஸ்கா', நெல் தூற்றுவதுபோல் தானியத்தைக் காற்றில் தூற்றும் 'அவென்தார்'.

போர்ச்சுகீசியர் மட்டும் வாசலைக் குறித்த லத்தீன் 'யானுவா'விலிருந்து, சிறு வாசல் என்ற பொருளில், 'ஜனேலா' என்றனர். அதுவே நம் ஜன்னல். அதற்கு முன் தமிழில் இருந்த 'காலதர்' ஸ்பானியச் சொல்லின் எண்ணத்தையே கொண்டது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலச் சொல்லான 'விண்டோ' பழைய நார்ஸ் மொழியின் 'காற்றின் கண்'ணிலிருந்து வந்தது. சிலப்பதிகாரத்தின் புகார் மாளிகைகளில் இருப்பதும் 'மான்கண் காலதர்'.