நுகர்வோர் ஆணைய உத்தரவை மதிக்காவிட்டால் என்ன தண்டனை?

வழக்கில் ஜெயித்தவர்கள் மறுபடி என் ஆபீஸ் படியேறுவது பெரும்பாலும் ஒரே புகாரோடுதான். "ஆர்டர் வந்து அஞ்சாறு மாசம் ஆச்சு சார், பில்டர் போனையே எடுக்க மாட்டேங்கிறார்."

ஆணையம் தானாகப் பணத்தை வசூலித்துத் தராது, நாம்தான் மனு போட வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் அதற்கு இரண்டு வழி. பிரிவு 71-இல் போனால் உத்தரவை சிவில் கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றலாம். சொத்து ஜப்திகூட உண்டு. பிரிவு 72 தண்டனைக்கானது: ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய 1986 சட்டத்தில் அபராதம் 2,000 முதல் 10,000 ரூபாய்தான். அதற்கு எந்தக் கம்பெனி பயப்படும்!

72-இல் ஆணையத்துக்கு முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டின் அதிகாரம் வந்துவிடுகிறது. சம்மனுக்கு வராதவர் மீது வாரண்ட் போடலாம். நோட்டீஸை வாங்காமலே திருப்பி அனுப்பியவர்கூட, வாரண்ட் என்றதும் அடுத்த வாய்தாவில் டி.டி.யோடு நிற்பார். அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் அசல் மட்டும் இருக்கும். வட்டியும் வழக்குச் செலவும் இருக்காது. கூடவே 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்றொரு ரசீதை நீட்டுவார்கள். 'பகுதித் தொகை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அபராதத்தில் உங்களுக்கு ஒரு பைசா வராது, அது அரசுக்கு. அதனால் 72-ஐ மட்டும் நம்பாமல் 71-லும் மனு போட்டு வைப்பது நல்லது.

"அப்பீல் போட்டிருக்கோம்" என்பது எதிர்தரப்பு வழக்கமாகச் சொல்லும் சாக்கு. வெறும் அப்பீல் எதையும் நிறுத்தாது. தடையாணை நகலைக் கேளுங்கள். மாவட்ட ஆணையம் பணம் கட்டச் சொல்லியிருந்தால், அப்பீலை மாநில ஆணையம் ஏற்கவே பாதித் தொகையை முதலில் கட்டியாக வேண்டும்.

இன்னொரு சாக்கு, திவால். ஒரு பில்டர் தனிநபர் திவால் மனுவைக் காட்டித் தண்டனை நடவடிக்கையை நிறுத்தக் கேட்டபோது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் கம்பெனியே திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தால் கதை வேறு. வசூல் நின்றுவிடும். அப்போது அந்த நடவடிக்கையை நடத்த நியமிக்கப்பட்ட தீர்வு அலுவலரிடம் உரிய கெடுவுக்குள் உங்கள் பாக்கியைப் பதிவு செய்துவிட வேண்டும். ஆணையத்தின் சான்றிட்ட உத்தரவு நகல்தான் அதற்கு ஆதாரம்.