இணையவழி வணிக நிர்வாகப் படிப்பு: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

"ஆன்லைன் டிகிரியை இங்கே ஒப்புக்கொள்வார்களா?" சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். யார் ஒப்புக்கொள்ள வேண்டும், எதற்காக என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கெல்லாம் முத்திரை குத்தித் தரும் ஒரே அலுவலகம் சிங்கப்பூரில் கிடையாது. முதலாளி ஒரு கணக்கில் பார்ப்பார், மேற்படிப்புக்குச் சேர்க்கும் பல்கலைக்கழகம் இன்னொரு கணக்கில் பார்க்கும்.

பதவி உயர்வுக்காகப் படிப்பதென்றால், பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பின் பெயரையும் எழுதி, உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்வார்த்தை போதாது, பதிலும் எழுத்தில் வரட்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) நோக்கமென்றால் இன்னும் கவனம் தேவை. 2023 செப்டம்பர் முதல், புதிய விண்ணப்பத்தில் காட்டும் டிப்ளோமா, டிகிரிகள் உண்மையானவைதான் என்று காட்டும் சரிபார்ப்புச் சான்றையும் மனிதவள அமைச்சு கேட்கிறது. 'உங்கள் அனுபவத்துக்கே டிகிரி, பரீட்சை கிடையாது' என்று விற்கப்படும் சான்றிதழ்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏஜெண்டு கொடுத்த தாள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது வீண் முயற்சி.

அடுத்து, சான்றிதழில் யார் பெயர் வரும் என்று பாருங்கள். விளம்பரத்தில் உள்ள பள்ளி வேறு, பட்டம் தரும் பல்கலைக்கழகம் வேறு என்பது சகஜம். இந்தியப் பல்கலைக்கழகமென்றால் யுஜிசியின் (இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையத்தளத்தில், நீங்கள் சேரப்போகும் பருவத்துக்கு, அதே படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று தேடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. தொலைநிலைப் படிப்புக்கும் இணையவழிப் படிப்புக்கும் அனுமதி தனித்தனி. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் எல்லைக்கு வெளியே நடத்தக் கூடாது என்ற வரம்பு உண்டு. இணையவழிப் படிப்புக்கு அது இல்லை. 'எங்கள் சிங்கப்பூர் கிளையிலேயே பரீட்சை எழுதலாம்' என்று யாராவது சொன்னால், பல்கலைக்கழகத்திடமே நேராகக் கேட்டுவிடுங்கள்.

இங்குள்ள தனியார் பள்ளி வழியாகச் சேர்ந்தால், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் கீழுள்ள தனியார் கல்விக் குழுவின் பதிவுப் பட்டியலைப் பாருங்கள். பள்ளி மட்டுமல்ல, படிப்பும் அதில் இருக்க வேண்டும். ஆனால் பதிவு என்பது அடிப்படைத் தகுதி மட்டுமே. பாடத்தின் தரத்துக்கு அரசாங்கம் பொறுப்பேற்கிறது என்று பொருளாகாது. இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள், சில விற்பனையாளர்களும் திருத்துவதில்லை.

பதிவு பெற்ற பள்ளியின் மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பிறகு 7 வேலை நாள் அவகாசம் இருக்கும். அதற்குள் மனம் மாறினால் விலகலாம். எடுடிரஸ்ட் (தனியார் பள்ளிகளுக்கான தரச் சான்று) பெற்ற பள்ளி கட்டணப் பாதுகாப்புத் திட்டமும் வைத்திருக்க வேண்டும். தகராறு வந்தால் சமரசம், நடுவர் தீர்ப்பு என்று ஒரு வழியும் உண்டு. இங்கே பதிவே இல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேராகப் பணம் அனுப்பினால் இவை எதுவும் பொருந்தாது. தனிநபரின் பேநவ் (கைப்பேசி எண் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) எண்ணுக்குக் கட்டணம் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

படிப்புச் செலவுக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு உரியது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி உண்டு. நிரந்தரவாசிகளுக்கு இந்த நிதி இல்லை. எல்லாப் படிப்புக்கும் செல்லாது என்பதால் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் படிப்பைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படிப்பு பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் பணத்தால் அல்ல, நேரத்தால். விளம்பரம் 'உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்' என்னும். எத்தனை மணி என்று சொல்லாது. பாடத்தின் சுமையைக் கிரெடிட் என்ற அலகில் அளப்பார்கள்: பிரிட்டிஷ் முறையில் 1 கிரெடிட் 10 மணி நேரப் படிப்பு. 15 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணி. 12 வாரத்தில் முடிக்க வாரம் பன்னிரண்டரை மணி. இரண்டு பாடம் எடுத்தால் 25. இந்திய முறையில் 1 கிரெடிட்டுக்கு 30 மணி. 4 கிரெடிட் பாடங்கள் ஐந்தை ஓர் அரையாண்டில் எடுத்தால் 600 மணி. 44 மணி நேர வேலை வாரத்தோடு, ஓவர்டைமும் ஷிப்டும் சேரும்போது இது எங்கே இடிக்கும் என்று காலண்டரில் போட்டுப் பாருங்கள். முதல் பருவத்தில் ஒரே பாடம் எடுக்க விடுவார்களா என்று கேளுங்கள். விடுவார்கள் என்றால் அதையே செய்யுங்கள்.

மணிக்கணக்கில் இன்னொரு சிக்கல், நாடுகளுக்கிடையே உள்ள நேர வேறுபாடு. இந்தியாவில் இரவு 7 மணி வகுப்பு என்றால் இங்கே ஒன்பதரை. லண்டன் நேரம் இரவு 11:59 கெடு, குளிர்காலத்தில் இங்கே மறுநாள் காலை 7:59. மார்ச் கடைசியில் பிரிட்டனில் கடிகாரத்தை மாற்றியதும் 6:59. காலை ஏழரைக்கு அனுப்பலாம் என்று வைத்திருந்தவருக்குத் தாமத அபராதமாக மதிப்பெண் போகும். பாடத் தளத்தின் அமைப்புகளில் உங்கள் நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பாடங்களில் கணக்கியலும் புள்ளியியலும்தான் ஆளை வீழ்த்தும். லாபமும் கையிலுள்ள பணமும் ஒன்று என்ற எண்ணம் முதலில் போக வேண்டும். ஒரு மளிகைக் கடை 8,000 வெள்ளிக்கு வாங்கிய சரக்கை உணவகத்துக்கு 10,000 வெள்ளிக்குக் கடனாக விற்கிறது. கணக்கில் 2,000 லாபம். பெட்டியிலோ 8,000 குறைவு. இது சட்டென்று பிடிபட்டால் பணவரத்து அறிக்கை பயமுறுத்தாது. பணம் கட்டுவதற்கு முன், இந்திய அரசின் 'ஸ்வயம்' போன்ற தளத்தில் இலவசக் கணக்கியல் பாடம் ஒன்றை ஒரு மாதம் படித்துப் பாருங்கள், உங்கள் நிலவரம் தெரிந்துவிடும்.

மற்ற பாடங்களில் மதிப்பெண் போவது அசைன்மென்டில். கேஸ் ஸ்டடிக்கு 'பலவீனம்: வாடகை அதிகம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். திருத்துபவருக்கு வேண்டியது, விற்பனையில் எத்தனை விழுக்காடு வாடகைக்குப் போகிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வாடகை ஏறினால் கடை எதைக் குறைக்கும், ஏன் அதை என்பது. விவரிப்பு தேர்ச்சிக்குப் போதும், அதற்கு மேல் ஏறாது. குழு அசைன்மென்டில் யார் எந்தப் பகுதி என்பதை முதல் வாரமே எழுத்தில் பதிவு செய்யுங்கள். ஒருவர் காணாமல் போவது வழக்கம்.

கேமராக் கண்காணிப்பில் நடக்கும் பரீட்சைக்கு அலுவலக லேப்டாப்பை நம்பாதீர்கள். கண்காணிப்பு மென்பொருளை நிறுவ நிறுவனத்தின் ஐடி பிரிவு பெரும்பாலும் அனுமதிக்காது, அது அன்றைக்குத்தான் தெரியவரும். ஒரு வாரம் முன்பே அதே கருவி, அதே வைஃபை, அதே அறையில் சோதனை ஓட்டம் செய்யுங்கள். தங்கும் விடுதியிலோ கூட்டு அறையிலோ இருப்பவர்களுக்கு, பின்னால் ஒருவர் நடந்துபோனாலே சந்தேகக் குறி விழலாம். தனி அறைக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

சேரும்போதே பெயரைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பல்கலைக்கழகப் பதிவில் மூன்றாவது விதமாக ஏறியிருக்கும். பரீட்சை நாளில் அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று நிறுத்துவார்கள். பட்டத்தைச் சரிபார்த்துச் சான்று தரும் நிறுவனமும் இதே காரணத்துக்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பும். பட்டம் அச்சான பிறகு திருத்த மனு, கட்டணம், பல மாதக் காத்திருப்பு. பதிவுப் படிவத்திலேயே மாற்றிவிட்டால் ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை.