ஃபீட்பேக்: எங்கிருந்து வந்த சொல், தமிழில் எப்படிச் சொல்வது?

ஓட்டலில் பில்லோடு வரும் சின்னக் காகிதத்துக்குப் பெயர் ஃபீட்பேக். வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாள் போன் செய்து "பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார்" என்று கெஞ்சுவதும் ஃபீட்பேக்தான். (கெஞ்சி வாங்கினால் அது மதிப்பெண், வேறொன்றுமில்லை.) அப்ரைசல் நேரத்தில் மேனேஜர் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "உங்களப் பத்தி ஒரு ஃபீட்பேக் வந்திருக்கு" என்று ஆரம்பிப்பாரே, அதுவும் அதே சொல். முதல் இரண்டையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாவது தூக்கத்தைக் கெடுக்கிறது. இத்தனைக்கும் அந்தச் சொல் மனிதர்களுக்காகப் பிறந்ததே அல்ல.

ஃபீட் என்றால் ஊட்டு, பேக் என்றால் திரும்ப. வெளியே வந்ததில் ஒரு பங்கை எடுத்து மறுபடி உள்ளே ஊட்டுவது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் இயந்திரங்களைப் பற்றிப் பேசுகையில் புழங்கிய இந்தச் சொற்சேர்க்கையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலி, தொலைபேசிப் பொறியாளர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

அவர்கள் சொன்ன ஃபீட்பேக்கை நாம் எல்லோரும் காதால் கேட்டிருக்கிறோம். கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கையில் எடுத்தவர் பேசிக்கொண்டே ஸ்பீக்கருக்கு நேராகப் போய் நிற்பார். "கீ..." என்று ஒரு அலறல் கிளம்பும், எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஸ்பீக்கரில் வந்த சத்தம் மைக்குக்குள் போகிறது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது, அது மறுபடி மைக்குக்குள் போகிறது. சுற்றச் சுற்றச் சத்தம் கூடிக்கொண்டே போகும். பொறியியலில் இதற்குப் பெயர் பாசிட்டிவ் ஃபீட்பேக்.

நெகட்டிவ் ஃபீட்பேக்கின் கதை இன்னும் சுவையானது. தொலைதூரத் தொலைபேசித் தடங்களில் பேச்சைப் பெருக்கி அனுப்பவேண்டும். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரைத் தாண்டும்போதும் குரல் கொஞ்சம் சிதைந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஹெரால்ட் பிளாக் இதோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும் வழியில் அவருக்கு விடை பிடிபட்டது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஒரு பக்கத்திலேயே படம் போட்டுக் குறித்துக்கொண்டார். வெளியே வரும் சமிக்ஞையில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி, உள்ளே வருவதோடு மோதவிட வேண்டும். சத்தத்தின் பெருக்கம் குறையும். ஆனால் சிதைவும் பெரிய அளவில் அடங்கிவிடும். 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை அவர் கைக்கு வர 1937 டிசம்பர் ஆகிவிட்டது.

இப்போது அலுவலகத்துக்கு வருவோம். அங்கே பாசிட்டிவ் ஃபீட்பேக் என்றால் பாராட்டு, நெகட்டிவ் ஃபீட்பேக் என்றால் திட்டு. பொறியாளர் கணக்கில் பாசிட்டிவ் இருக்கிற போக்கை ஊதிப் பெரிதாக்குவது, நெகட்டிவ் விலகியதை இழுத்து நிறுத்துவது. பாராட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பழக்கம் ஒன்று தெரிந்தால் அதை ஊதிப் பெரிதாக்கத்தான் வேண்டும். ஆனால் "சூப்பர் சார்", "செம ப்ரசன்டேஷன் சார்" என்று மட்டுமே காதில் விழும் தலைவருடைய அறையில் கடைசியில் மிஞ்சுவது அந்த மண்டபத்து அலறல்தான்.

ஆம்ப்ளிஃபையருக்குள் இருந்த சொல் மனிதர்களிடம் வந்தது 1940களில். கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் 1948இல் வெளியிட்ட சைபர்னெட்டிக்ஸ் நூலில் இயந்திரத்துக்கும் உயிருக்கும் ஃபீட்பேக் பொது என்று காட்டினார். அதற்கு முன்பே, 1946 கோடையில், உளவியலாளர் கர்ட் லெவின் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு பயிலரங்கம் நடத்தினார். பகலில் பங்கேற்பாளர்கள் குழுக்களாக உட்கார்ந்து பேசுவார்கள். இரவில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, இன்னார் இப்படி நடந்துகொண்டார், இன்னார் குறுக்கே பேசினார் என்று குறிப்புகளை ஒப்பிடுவார்கள். ஒரு நாள் பங்கேற்பாளர்கள் சிலர் நாங்களும் கேட்கலாமா என்று வந்து உட்கார்ந்தார்கள். தங்களைப் பற்றித் தாங்களே கேட்டதும், அப்படி இல்லை, நடந்தது வேறு என்று மறுத்தார்கள், விவாதம் சூடு பிடித்தது. பகல் வகுப்புகளைவிட அந்த இரவுகளில்தான் கற்றல் அதிகம் என்பது லெவினுக்குப் புரிந்தது. மின்சுற்றுக்காரர்களின் சொல் அப்படித்தான் பயிற்சி வகுப்புகளுக்குள் நுழைந்தது, அங்கிருந்து மனிதவளத் துறைக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, சொல்லின் உயிர் "திரும்ப" என்பதில் இருக்கிறது. செய்தவரிடமே திரும்பிப் போகவேண்டும். அடுத்த முறை செய்வதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். செய்தவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்த குறைக்கு நம் ஊரில் புறணி என்று பெயர்.

போய்ச் சேராத குறிப்பு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு மேலதிகாரி வருடாவருடம் எழுதும் ரகசியக் குறிப்பை சி.ஆர். என்பார்கள். அப்போதெல்லாம் மோசமாக எழுதினால் மட்டும்தான் ஊழியருக்குத் தெரிவித்தார்கள். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த செயற்பொறியாளர் ஒருவருக்கு 1993-94இல் "நன்று" என்று எழுதியிருந்தார்கள். நன்று என்பது மோசமில்லையே என்று அதைச் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கோ ஐந்து வருடமும் "மிக நன்று" தேவைப்பட்டது. அந்த ஒரு சொல்லில் உயர்வு போயிற்று. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேவ் தத் வழக்கு என்று அறியப்படும் அதில் 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது: நல்லதோ கெட்டதோ, எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும். அடுத்த ஆண்டே மத்திய அரசு தன் நடைமுறையை மாற்றியது, அறிக்கையின் பெயரிலிருந்தும் "ரகசியம்" போனது.

தனியார் கம்பெனிகளில் எதுவும் ரகசியமில்லை, எல்லாம் போர்ட்டலில் இருக்கிறது. அங்கே கோளாறு வேறு: தாமதம். ஜூலையில் நடந்த சொதப்பலை மார்ச்சில் சொல்வார்கள். கீசர் தண்ணீர் சூடாகவில்லை என்று குழாயை இன்னும் திருப்புகிறோம், பைப்பில் இருக்கும் பச்சைத் தண்ணீர் தீர்ந்ததும் கொதிநீர் கொட்டுகிறது, பதறி மறுபக்கம் திருப்பினால் மறுபடி சில்லென்று ஆகிறது. திருத்தம் தாமதமாகவும் பலமாகவும் வந்தால் எந்த அமைப்பும் இப்படித்தான் ஊசலாடும். எட்டு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, அப்ரைசலில் மொத்தமாகக் கொட்டும் மேனேஜரின் டீமும் அப்படித்தான் ஆடுகிறது. அடோபி நிறுவனம் 2012இல் வருடாந்திர மதிப்பீட்டையே எடுத்துவிட்டு, அடிக்கடி உட்கார்ந்து பேசும் முறைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அடிக்கடி சொன்னால் மட்டும் போதுமா? போதாது. அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஃபீட்பேக் ஆய்வுகளைத் திரட்டி 1996இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சராசரியில் ஃபீட்பேக் பலன் தருகிறது; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் சொன்ன பிறகு வேலை முன்னைவிட மோசமானது. பேச்சு வேலையைவிட்டு விலகி ஆளின் மேல் போகப் போக அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

நம் மொழி இந்த வித்தியாசத்தை எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. குத்திக்காட்டுவது, சொல்லிக்காட்டுவது, சுட்டிக்காட்டுவது. மூன்றும் காட்டுவதுதான். குத்திக்காட்டுபவர் வலிக்கவேண்டும் என்றே சொல்கிறார். சொல்லிக்காட்டுபவர் பழசைக் கிளறுகிறார்: "போன ப்ராஜெக்ட்லயும் நீங்க இதேதான் பண்ணீங்க." சுட்டிக்காட்டுவதற்கு ஒரு விரல் வேண்டும், அந்த விரல் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொடவேண்டும்.

"உங்க கம்யூனிகேஷன் சரியில்ல, கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணுங்க" என்று சொன்னால் கேட்பவர் என்ன செய்வார்? யூடியூபில் ஆங்கிலம் பேசுவது எப்படி என்று தேடுவார். அதையே இப்படிச் சொல்லலாம்: "நேத்து கிளையன்ட் கால்ல அவங்க டெலிவரி தேதி கேட்டாங்க. நீங்க டெஸ்டிங்ல என்ன பிரச்சனைன்னு ஆரம்பிச்சீங்க. அவங்க மறுபடி மறுபடி தேதியத்தான் கேட்டாங்க, கடைசில கடுப்பாயிட்டாங்க. அடுத்த கால்ல தேதிய முதல்ல சொல்லிடுங்க, காரணம் அப்புறம்." இதில் இடம் இருக்கிறது, செய்த செயல் இருக்கிறது, அதனால் என்ன ஆனது என்பது இருக்கிறது. பயிற்சிக்காரர்கள் இதைத்தான் சூழல், நடத்தை, விளைவு என்று பாடமாக நடத்துகிறார்கள். ஆள் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை, கவனித்தீர்களா?

நடுவில் திட்டை வைத்து இருபக்கமும் பாராட்டைத் தடவும் சாண்ட்விச் முறையைப் பலர் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாலு முறை அப்படிச் சொன்னால், அஞ்சாவது முறை நீங்கள் பாராட்ட ஆரம்பித்ததுமே எதிரில் இருப்பவர் "ஆனால்" எப்போது வரும் என்று காத்திருப்பார். உண்மையான பாராட்டும் வீணாகிவிடும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பின்னூட்டம் என்பது உறுப்புக்கு உறுப்பு பெயர்த்த சொல்: பின் + ஊட்டம். இலங்கைக் கல்வி நூல்களில் பின்னூட்டல் என்று எழுதுகிறார்கள். 2000களில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகியபோது பதிவுக்குக் கீழே வாசகர் எழுதும் கருத்துக்கு பின்னூட்டம் என்று பெயர் வைத்தார்கள், அதனால் பலருக்கு அந்தச் சொல் இன்னும் வலைப்பதிவு வாசனையோடு இருக்கிறது. நல்ல ஆக்கம்தான். ஊட்டுதல், ஊட்டம் என்ற சொற்களில் வலுச் சேர்க்கும் பொருளும் இருக்கிறது. ஒரே சங்கடம், "பின்" என்பதை "பிறகு" என்றும் படிக்கலாம். நம் அப்ரைசல் முறைக்கு அந்தப் பொருளும் பொருந்தித் தொலைக்கிறது.

மறுமொழி என்றால் பதில். எதிர்வினை என்றால் சட்டென்று வரும் பிரதிபலிப்பு; கோபமும் எதிர்வினைதான். இரண்டிலும் திருத்திக்கொள்ளும் சுற்று இல்லை. வாடிக்கையாளர் படிவத்துக்கு "உங்கள் கருத்து" என்று போட்டால் போதும், யாருக்கும் புரியும். மின்சுற்று, உயிரியல், மென்பொருள், பயிற்சி அறிக்கை ஆகியவற்றுக்கு பின்னூட்டம் சரி. மனிதவளப் படிவத்திலும் அதையே எழுதலாம். நேரில் பேசும்போது மட்டும் அந்தப் பெயர்ச்சொல்லே தேவையில்லை. "ஒண்ணு கவனிச்சேன், சொல்லலாமா?" என்று ஆரம்பித்தாலே முடிந்தது.

இன்னொரு பழைய சொல் இருக்கிறது: இடித்துரை. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்" என்கிறது குறள். இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பவர் யாரும் இல்லாமலேயே கெடுவான். இதை ஃபீட்பேக்குக்கு நேர்ச்சொல்லாக வைக்க முடியாது, பாராட்டு இதில் அடங்காது. ஆனால் ஃபீட்பேக் என்ற சொல்லில் நாம் மறந்துபோன ஒரு திசை இதில் இருக்கிறது. குறளில் இடிப்பவர் ஆள்பவருக்குத் துணையாக இருப்பவர்; இடி வாங்குபவர் மன்னர். நம் அலுவலகங்களில் ஃபீட்பேக் மேலிருந்து கீழேதான் ஒழுகுகிறது. "செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு" என்று இன்னொரு குறள். காது கசக்கக் கேட்டும் பொறுத்துக்கொள்ளும் பண்பை ஆள்பவரின் தகுதியாக வைக்கிறது அது.

காது கசக்கும்படி சொல்ல, சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவரிடம் யார் முன்வருவார்? "எனக்கு ஏதாவது ஃபீட்பேக் இருக்கா?" என்று டீமைப் பார்த்துக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எல்லாம் நல்லாத்தான் போகுது" என்ற பதில் தயாராக இருக்கும். கேள்வியைச் சுருக்கவேண்டும். "திங்கக்கிழமை மீட்டிங்ல எந்த இடத்துல நான் தேவையில்லாம இழுத்தேன்?" என்று தனியாக, ஒருவரிடம் கேட்டால் ஏதாவது வரும். வந்ததும் "இல்ல, அது ஏன்னா..." என்று விளக்கம் கொடுக்க வாய் துடிக்கும். கொடுத்தால் அவரிடமிருந்து அதுதான் கடைசி. நோட்டில் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிடுவது நல்லது. முழு டீமுக்கும் பெயரில்லாத சர்வே அனுப்பிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆறு பேர் டீமில் யார் எதை எழுதினார் என்று நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது அந்த ஆறு பேருக்கும் தெரியும்.

ரெண்டு வாரம் கழித்து அதே ஆளிடம் போய்ச் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: "அன்னிக்கு நீங்க சொன்னதுக்கப்புறம் ஸ்டேட்டஸ் பேசறத மெயில்ல போட்டுட்டேன், மீட்டிங் அரை மணில முடியுது. இப்ப பரவால்லயா, இன்னும் இழுக்கறேனா?"