குளிர்ப் பிரதேசத்தில் வாழையும் பனையும்: சாகடிப்பது பெரும்பாலும் ஈரம்தான்

தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். மழையும் குளிருமாக இருக்கும் இடத்தில் வாழை, பனை, பெரணி என்று காடு மாதிரி வேண்டும் எனக் கேட்பவர்கள் நிறைய. தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதல் குளிர்காலம் முடிந்ததும் அதே ஆட்கள் கூப்பிட்டு, "குளிர் தாங்காமல் செத்துப்போச்சு" என்பார்கள்.

போய்ச் செடியை இழுத்துப் பார்ப்பேன். உறைபனியில் மேல்பாகம் மட்டும் கருகிய செடி லேசில் பிடுங்க வராது. வேர் உறுதியாக இருக்கும். இவர்கள் காட்டும் செடியோ கையோடு வந்துவிடும். வேரின் தோல் உருவிக்கொண்டு நடு நரம்பு நூல்போல் மிஞ்சும், சாக்கடை நாற்றம் அடிக்கும். இது தண்ணீர் தேங்கி வந்த அழுகல்.

குளிரில் செடியின் வளர்ச்சி நின்றுவிடும், தண்ணீரும் அதிகம் உறிஞ்சாது. மழை மட்டும் நிற்பதில்லை. மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடுக்கெல்லாம் நீர் நிறைந்து, வேர் மூச்சு முட்டிப்போகும். அதனால் நடுவதற்கு முன் ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே நேரடியாக நட வேண்டாம். களிமண்ணில் இரண்டு கூடை மணலைக் கொட்டிப் பயனில்லை. மக்கிய உரம் கலந்து பாத்தியையே ஓர் அடி உயர்த்திவிடுங்கள். தொட்டியின் அடியில் ஜல்லி போடுவதையும் விட்டுவிடுங்கள். ஈரம் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில்தான் தங்கும், அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில்.

அடுத்தது செடித் தேர்வு. தோற்றம் வெப்பமண்டலமாக இருந்தால் போதும், பிறப்பு அப்படி இருக்க வேண்டியதில்லை. ஜப்பான் வாழை என்று விற்கப்படும் மூசா பஸ்ஜூ சீனாவைச் சேர்ந்தது. முதல் உறைபனியிலேயே இலை கருகினாலும், மூடாக்குப் போட்டால் மைனஸ் 10 டிகிரியில்கூடக் கிழங்கு பிழைக்கும். பழம் சாப்பிட உதவாது. பனைத் தோற்றத்துக்கு டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. வேரூன்றிய மரம் மைனஸ் 10 டிகிரியையும் தாங்கும். நிழல் மூலைக்கு ஃபாட்சியா ஜப்பானிகாவை விட்டால் எனக்கு வேறு செடி தோன்றாது. குளிர்காலத்திலும் விரித்த கைபோல இலை பளபளக்கும். ஈரத்தையே விரும்பும் ராட்சத இலைச் செடி குன்னெரா. ஆனால் அதில் டிங்க்டோரியா என்ற இனம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. வாங்குமுன் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் உறைபனிக் காலம் முடிந்தபின் நடுங்கள். இலையுதிர்காலத் தள்ளுபடி விற்பனையில் வாங்கிய செடிக்கு வேர் பிடிக்க நேரமே கிடைக்காது. கோடைக் கடைசியில் தழைச்சத்து உரமும் வேண்டாம். அப்போது வரும் இளந்தளிர் உறைபனிக்கு முதல் பலி.

இனி, போர்த்துகிற விஷயம். வாழையை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். உள்ளே நீர்த்துளி கோத்து, தண்டு கூழாகிவிடுகிறது. கருகிய இலையை வெட்டிவிட்டுத் தண்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு வைத்து, காய்ந்த வைக்கோலைத் தளர்வாக நிரப்புங்கள். பிளாஸ்டிக்கை மேலே கூரையாக மட்டும் வையுங்கள்; பக்கவாட்டில் காற்றோட வேண்டும். டிக்சோனியா மரப்பெரணிக்கு வைக்கோலை உச்சியில் குருத்துக்குழியில் வைக்க வேண்டும். அங்கே உறைந்தால் மரமே போய்விடும்.

வீட்டில் குழந்தைகளோ நாயோ இருந்தால் சிவப்பு இலை ஆமணக்கை நான் வைப்பதில்லை. விதையில் இருக்கும் ரிசின் கடுமையான நஞ்சு. வைத்தே ஆக வேண்டுமென்றால் பூங்கொத்தை அப்போதைக்கப்போது வெட்டிவிடுங்கள். டெட்ராபனாக்ஸ் என்ற பெரிய இலைச் செடியின் இளம் இலையில் உள்ள தூள் போன்ற மயிர் தொண்டையில் பட்டால் இருமல் விடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

அப்புறம், வசந்தம் வந்ததுமே முளை இல்லையென்று தோண்டி எறியாதீர்கள். வாழைக் கிழங்கும், இஞ்சிக் குடும்பப் பூச்செடியான ஹெடிகியமும் மண் சூடேறிய பிறகுதான் எழும். சில இடங்களில் அதற்குள் கோடையே தொடங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் மேல்மண்ணை விரலால் விலக்கிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மண்ணை மூடிவிட்டுக் காத்திருங்கள்.