உல்லன் நூல் பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள்

போன மாதம் ஒரு மாலை, பிறந்து ஒன்பது நாளான ஆண் குழந்தையை வடசென்னைக் கொருக்குப்பேட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுற்றியிருந்த போர்வையைப் பிரித்ததுமே அறை முழுக்க அந்த வாசனை. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதேதான். குல்லா, ஸ்வெட்டர், கைக்கு உறை, காலுக்கு உறை, போர்வை என்று முழு செட்டும் கையால் போட்டது. அத்தனை நேர்த்தியான பின்னல். உள்ளே குழந்தை உள்ளங்கால் வரை மஞ்சளாக இருந்தான். உதடு வெளுத்திருந்தது. காலையிலிருந்து பால் சரியாக இழுக்கவில்லை என்றார் தாய். இடுப்புத் துணியில் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியிருந்தது.

"இந்தத் துணியெல்லாம் எங்கேம்மா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் டாக்டரம்மா போட்டேன். வளைகாப்பு முடிஞ்ச கையோட ஆரம்பிச்சு முடிச்சு, பெட்டியில வெச்சேன். உல்லன் நூலாச்சே, பூச்சி அரிச்சிடுமேன்னு நாலு பாச்சை உருண்டை போட்டேன்" என்றார் பாட்டி.

குழந்தையை அன்றிரவே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். நீல விளக்கில் வைத்தும் போதாமல், ரத்தத்தை மாற்றி ஏற்ற வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டான். காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது. குடும்பத்தை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது குழந்தை இவன் என்பதில் மாற்றமில்லை. மூன்று வீட்டிலும் அதே பெட்டி, அதே உருண்டை, அதே பதில்: உல்லன் நூலாச்சே.

அந்தச் சொல்லில்தான் கோளாறே. உல்லன் என்றால் ஆட்டு ரோமம். நம் ஊரில் பின்னுகிற நூல் எல்லாவற்றுக்கும் உல்லன் என்றுதான் பெயர். பாரிமுனையில் கேட்டாலும் எம்.சி. ரோட்டில் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எடுத்துப் போடுவார்கள். பந்தைச் சுற்றியிருக்கும் தாளைத் தூக்கி எறியுமுன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'அக்ரிலிக் 100%' என்று போட்டிருக்கும். அக்ரிலிக் ஆட்டு ரோமம் கிடையாது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருளில் செய்கிற செயற்கை இழை. பிளாஸ்டிக் வாளிக்கும் ஆட்டுக்கும் என்ன உறவோ, அக்ரிலிக்குக்கும் ஆட்டுக்கும் அதே உறவுதான்.

துணி அரிக்கிற அந்துப்பூச்சியின் புழு தேடிப் போவது கெரட்டின் என்கிற புரதத்தை. நம் தலைமுடியில், நகத்தில், ஆட்டு ரோமத்தில், பறவை இறகில் இருப்பது அது. அக்ரிலிக்கில் அது துளியும் இல்லை. பருத்தி நூலிலும் இல்லை. வியர்வையோ பால் கறையோ படிந்த துணியானால் அந்தக் கறைக்காகப் பூச்சி கடிக்கலாம். கஞ்சி போட்ட பருத்தியை ராமபாணப் பூச்சி சுரண்டலாம். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: துவைத்து, நன்றாகக் காயவைத்து, மடித்து வைப்பது. உருண்டைக்கு அங்கே வேலையே இல்லை. பூச்சிக்குத் தின்ன ஒன்றுமில்லாத பெட்டிக்குக் காவல் வைக்கிறோம், அந்தக் காவல் குழந்தையைக் கடிக்கிறது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்: உங்களிடம் இருக்கும் உல்லன் நூல் அநேகமாக உல்லனே இல்லை.

தாள் தொலைந்துவிட்டதா? விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான ஆட்டு ரோமம் முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம். அக்ரிலிக் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும்.

இப்போது உருண்டைக்கு வருகிறேன். பாச்சை உருண்டை, அந்துருண்டை, சில வீடுகளில் ரசகற்பூரம், எந்தப் பெயரில் வாங்கினாலும் நாப்தலின் உருண்டையைத்தான் சொல்கிறேன். பெட்டியில் போட்டது மாதம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வந்து காணாமல் போகிறதே, எங்கே போனது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆவியாகி நூலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மூடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு அதிகமாக. அந்தத் துணியைப் போட்ட குழந்தை அதை மூச்சில் இழுக்கிறது, மெல்லிய தோல் வழியாகவும் வாங்கிக்கொள்கிறது. நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அந்த ஈரத்தோடு ஸ்வெட்டரை மாட்டுவோம். நாப்தலின் எண்ணெயில் கரையக்கூடியது. தேய்த்த எண்ணெயே அதை உள்ளே கொண்டுசேர்க்கும்.

ஜி6பிடி என்றொரு நொதி நம் சிவப்பணுக்களைக் காக்கிறது. அது குறைவாக உள்ள குழந்தையின் உடம்பில் நாப்தலின் போனால், ஓரிரு நாளில் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். உடைந்ததெல்லாம் மஞ்சள் நிறமியாக மாறும். பிறந்த குழந்தையின் கல்லீரலால் அத்தனையையும் வெளியேற்ற முடியாது. அளவு மீறினால் மூளையில் படிந்து, காது கேளாமை, கைகால் இயக்கக் குறைபாடு என்று ஆயுளுக்கும் நிற்கும். இந்தக் குறைபாட்டை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனையில் தெரியும், ஆனால் அதை எல்லாக் குழந்தைக்கும் செய்வதில்லை. இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போது ஜி6பிடி அளவு இயல்பாக வந்தால் அதை நம்பி ஃபைலை மூடாதீர்கள். புதிதாக வரும் இளம் அணுக்களில் நொதி கூடுதலாக இருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

"என் நாலு பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் போட்டேன், ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்காத பாட்டி இல்லை. இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் வருவது. தாய் அதைச் சுமந்துகொண்டு தான் ஆரோக்கியமாகவே இருப்பாள். ஒரு மகனுக்குப் போகும், இன்னொரு மகனுக்குப் போகாது. உங்கள் நான்கு பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பேரனுக்கும் ஆகாது என்பதற்குச் சாட்சி இல்லை.

"துவைச்சுட்டுத்தானே போட்டோம்" என்பது அடுத்த பதில். ஒரு தடவை சோப்பில் முக்கி எடுத்தால் போகிற சரக்கில்லை இது. வெயிலும் காற்றும் படப் பல நாள் வெளியில் தொங்க வேண்டும். அப்படித் தொங்கவிட்டாலும் கைக்குழந்தைக்கு அதைப் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். பெரியவர்களுக்குச் சால்வையாகட்டும்.

உருண்டை வேண்டாம் என்றால் உடனே கற்பூரத்துக்குத் தாவுகிறார்கள். அதுவும் வேண்டாம். சின்னத் துண்டை வாயில் போட்டாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். நாப்தலினையும் அப்படித்தான் வாயில் போடும், வெள்ளையாக உருண்டையாக இருப்பதைத் தவழுகிற பிள்ளை மிட்டாய் என்றுதான் நினைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008லேயே நாப்தலின் உருண்டை விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இங்கே மளிகைக் கடையில் கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. கர்ப்பிணிகளில் சிலருக்கு அந்த வாசனை மீது ஆசை வரும். முகர்ந்துகொண்டே இருப்பார்கள், கடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைத் திட்டாதீர்கள். இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம், அழைத்து வாருங்கள்.

இவ்வளவு சொல்வதால் பின்னுவதையே விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் குரோஷா போடுகிறவள். பள்ளியில் கிராஃப்ட் பீரியடில் கற்றுக்கொண்டது, இன்றைக்கும் கிளினிக் முடிந்து வந்து நான்கு வரிசை போட்டால்தான் மனசு அடங்கும். நூலோடு பழகிய ஊர் இது. திருவொற்றியூர் பக்கத்துக் காலடிப்பேட்டை நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். பெரம்பூர் பின்னி மில்லில் தாத்தா வேலை பார்த்த குடும்பங்கள் இன்றும் என்னிடம் வருகின்றன. பேரக்குழந்தைக்கென்று ஒருத்தி கண் வலிக்க உட்கார்ந்து போட்ட குல்லாவுக்கு ஈடாகக் கடையில் எதுவும் கிடைக்காது. அதனால்தான் அந்தப் பெட்டியைப் பற்றி இவ்வளவு கவலை.

வடசென்னையில் நூலுக்கு எதிரி பூச்சியைவிட ஈரமும் தூசியும்தான். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, லாரிப் புழுதி ஓய்வதே இல்லை. ஈரத்தோடு மூடிய டப்பாவில் பூஞ்சை பிடித்து வருகிற மக்கல் வாடையைத்தான் பலர் பூச்சி என்று நினைத்து உருண்டை போடுகிறார்கள். நூலை நிழலில் காற்றாட ஒரு நாள் வைத்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து கையை விட்டுப் பாருங்கள். நூல் வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு எப்படியும் அது சந்தோஷமான வேலைதான், என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மறுபடி அதே நிறத்தை வாங்க மாட்டோம். தாளைக் கிழித்து அந்தந்தப் பந்துக்குள்ளேயே செருகி வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் நுழைந்தபோது முதலில் நனைந்தது கட்டிலடிச் சாமான்தான். பீரோவின் மேல்தட்டு நல்லது, பரண் என்றால் எலி வராத பரணாக இருக்கட்டும்.

உண்மையான ஆட்டு ரோம நூல் சிலரிடம் இருக்கலாம், ஊட்டியிலிருந்தோ வடக்கேயிருந்தோ யாராவது கொண்டுவந்து கொடுத்தது. அதைத் தனியாக வையுங்கள். புழு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் காற்றுப் புகாத கவரில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து போடுவது நம் பழைய வழக்கம், அதைச் செய்யலாம். வசம்பு பெட்டியோடு நிற்கட்டும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருக்கிறதே என்று சுட்டுக் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள்.

குழந்தைக்குப் பின்ன வேண்டுமானால் பருத்தி நூலை எடுங்கள், தயவுசெய்து. நம் மே மாதத்தில் அக்ரிலிக் ஸ்வெட்டருக்குள் குழந்தை வெந்துபோகும். பின்னி முடித்ததும் கையுறை, காலுறையை உள்பக்கம் திருப்பி, நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனியையெல்லாம் ஊசியால் உள்ளே கோத்து மறையுங்கள். அந்த நுனி கால்விரலில் சுற்றி இறுகி, விரல் நாவற்பழம் மாதிரி கறுத்து வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். எதற்கென்றே தெரியாமல் விடாமல் அழுதால் முதலில் உறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். மணி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம்.

கடைசியாக மஞ்சள் காமாலை. பிறந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் லேசாக மஞ்சள் தெரிவது பல குழந்தைகளுக்கு இயல்பு, மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ காத்திருக்காதீர்கள். வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. பிறந்த குழந்தையின் சிறுநீர் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், துணியில் கறை விடக் கூடாது. நிறம் மாறினால் அன்றைக்கே வாருங்கள். நடு இரவென்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு நேரே போய்விடுங்கள், வண்டி இல்லாவிட்டால் 108.

கிளம்புமுன் அந்தத் துணிகளைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். கழற்றியதை ஒரு கவரில் போட்டு இறுகக் கட்டிக் கையோடு எடுத்து வாருங்கள். எங்கே வைத்திருந்தீர்கள், உள்ளே என்ன போட்டிருந்தீர்கள் என்பதை நாங்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் உள்ளே வந்ததும் சொல்லுங்கள். யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டோம். அந்த ஒரு தகவலால் எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.